சியரா மொரேனாவில் ஆண்டு அக்டோபரில் தொடங்குகிறது

தெற்கு ஸ்பெயினின் சியரா மொரேனா மலைத்தொடருக்கு ஜூலை, ஆகஸ்டில் வருகிறவர்கள் பெரும்பாலும் பார்த்துவிட்டுப் போவது காய்ந்த புல்லையும், சாத்திய ஜன்னல்களையும், 40 டிகிரி வெயிலையும்தான். விடுமுறை கிடைப்பது அப்போதுதான் என்பதால் வருகிறார்கள். "ஐரோப்பாவின் பெரிய விலங்குகள் இருக்கிற இடம் என்றார்களே, ஒரு முயலைக்கூடக் காணோமே" என்று திரும்புகிறார்கள். பிழை மலையில் இல்லை, மாதத்தில்தான். மத்தியதரைக்கடல் மலைகளில் உயிர்களை அடக்கி வைப்பது குளிர் அல்ல, வறட்சி. ஜூன் தொடங்கி செப்டம்பர் பாதிவரை இங்கே ஓய்வுக்காலம். முதல் மழை விழும் செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோதான் மலைக்குப் புத்தாண்டு பிறக்கிறது. இதை மனதில் வைத்துப் பயணம் போட்டாலே பாதி வேலை முடிந்தது.

இங்கே எழுதுவது சியரா மொரேனாவின் ஒரு துண்டைப் பற்றி மட்டும்: ஹயேன் மாகாணத்தில், அந்தூஹர் ஊருக்கு வடக்கே உள்ள சியரா தே அந்தூஹர் இயற்கைப் பூங்கா. 1989-இல் அறிவிக்கப்பட்டது, பரப்பு சுமார் 75,000 ஹெக்டேர். பெயர்தான் மலை, சிகரம் எதுவும் 1,300 மீட்டரைத் தொடாது. கருங்கல் உருண்டைகள் சிதறிய சரிவுகள், ஹோம் ஓக் மரங்கள், ஆளுயரத்துக்கு சிஸ்டஸ் புதர், நடுவே ஹாந்துலா ஆறு. தெற்கே குவாடல்கிவிர் சமவெளி முழுக்க ஒலிவத் தோப்பு. ஹயேன் மாகாணத்தில் மட்டும் 6 கோடிக்கும் மேல் ஒலிவ மரங்கள் நிற்கின்றன. அந்தத் தோப்புக் கடல் முடிந்து காடு தொடங்கும் ஓரத்தில்தான் ஐபீரிய லின்க்ஸ் என்னும் பூனையினம் அழியாமல் தப்பிப் பிழைத்தது.

முதலில் முயல்

லின்க்ஸைப் பற்றிப் பேசுமுன் முயலைப் பற்றிப் பேசியாக வேண்டும். நம் ஊர்க் காடுகளில் ஓடும் முயல் குழி தோண்டாது, தனியாகப் புல்லில் படுத்துக் கிடக்கும். ஸ்பெயினும் போர்ச்சுகலும் அடங்கிய ஐபீரியத் தீபகற்பத்தின் முயல் வேறு இனம். வளை தோண்டிக் கூட்டமாக வாழ்வது, உலகம் முழுக்க வீட்டில் வளர்க்கப்படும் முயல்களின் மூதாதை. இந்தத் தீபகற்பத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட விலங்குகளும் பறவைகளும் இதைத் தின்கின்றன. அவற்றில் லின்க்ஸும் ஸ்பானிய இம்பீரியல் கழுகும் இதை நம்பியே உயிர்வாழ்கின்றன. லின்க்ஸின் உணவில் பத்தில் ஒன்பது பங்கு முயல்தான். ஒரு நாளைக்கு ஒரு முயல் அதன் கணக்கு, குட்டிகளோடு இருக்கும் தாய்க்கு இன்னும் கூடுதலாக வேண்டும்.

அக்டோபர் மழையில் புல் தளிர்த்ததும் முயல்கள் இனப்பெருக்கத்துக்குத் தயாராகின்றன. குளிர்காலமும் வசந்தமும் குட்டி போட்டு, மே, ஜூனில் எண்ணிக்கை உச்சத்தைத் தொடும். புல் காய்ந்ததும் சரியத் தொடங்கும். கோடையில் கொசுவும் தெள்ளுப்பூச்சியும் பரப்பும் மிக்ஸோமடோசிஸ் வேறு வந்து சேரும்: கண் வீங்கி, குருடாகி, சாலையோரத்தில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் முயலைக் கண்டால் அது அந்த நோய்தான். 1950-களில் இந்த நோய் ஸ்பெயினுக்குள் நுழைந்தது. 1980-களின் இறுதியில் ரத்தக்கசிவு நோய் வந்தது. 2011 வாக்கில் அதன் புதிய வைரஸ் வகை ஒன்று பரவி, இளங்குட்டிகளையும் கொல்லத் தொடங்கியது. முயல் சரிந்த பள்ளத்தாக்குகளில் லின்க்ஸ் சில ஆண்டுகளிலேயே காணாமல் போனது.

ஆகவே பார்வையிட இடம் தேர்ந்தெடுக்கும்போது விதி எளிது. காலை முதல் அரை மணி நேரத்தில் கண்ணுக்கு ஐந்தாறு முயலாவது படாத சரிவில் நிற்காதீர்கள். காட்சி எவ்வளவு அழகாக இருந்தாலும் அடுத்த வளைவுக்கு நகருங்கள்.

கருவிகள், அனுமதிகள்

பைனாகுலர் 8×42 (8 மடங்கு, 42 மி.மீ. முகப்பு) போதும். 10 மடங்கு கொண்டுவந்தால் தவறில்லை, ஆனால் கை நடுக்கமும் கூடவே வரும். இங்கே உண்மையான வேலை முக்காலியில் ஏற்றிப் பார்க்கும் தொலைநோக்கியான ஸ்பாட்டிங் ஸ்கோப்புக்குத்தான். லின்க்ஸ் பெரும்பாலும் 300 மீட்டரிலிருந்து ஒரு கிலோமீட்டர் தொலைவுக்குள் எதிர்ச் சரிவில் தென்படும். 65 முதல் 85 மி.மீ. முகப்புள்ள ஸ்கோப்பும் உறுதியான முக்காலியும் தேவை. மலிவான முக்காலியில் விலையுயர்ந்த ஸ்கோப்பை ஏற்றுவதைவிட, சுமாரான ஸ்கோப்பை கனமான முக்காலியில் ஏற்றுவது மேல். காற்றடிக்கும்போது இந்த வித்தியாசம் தெரியும்.

மடக்கு நாற்காலி ஒன்று, ஃப்ளாஸ்க் ஒன்று. டிசம்பர், ஜனவரி விடியலில் பள்ளத்தாக்கு பூஜ்ஜியத்துக்கு அருகில் இருக்கும், மதியம் 14, 15 டிகிரி வரும். அசையாமல் மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் குளிர் காலிலிருந்துதான் ஏறும், அதனால் கனத்த காலுறைக்கு முதலிடம் கொடுங்கள். ஒரு வசதி உண்டு: ஸ்பெயினின் கடிகாரம் சூரியனை முந்தி ஓடுவது, ஜனவரியில் இங்கே சூரியன் உதிப்பது காலை எட்டரை மணிக்கு. மூன்று மணிக்கு எழவேண்டிய கட்டாயம் இல்லை.

ஊரில் டீசல் நிரப்பிக்கொண்டு, சாப்பாடும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு மலையேறுங்கள். அந்தூஹரிலிருந்து விர்ஹென் தே லா கபேசா ஆலயம்வரை சுமார் 30 கிலோமீட்டர் தார்ச்சாலை. வழியில் வலப்பக்கம் பிரிந்து லோஸ் எஸ்கோரியாலெஸ் பக்கம் போய், ஹாந்துலா அணைவரை நீளும் மண்பாதையைத்தான் 'லா லாஞ்சா' என்று எல்லோரும் சொல்கிறார்கள். குழி, கல், மழைக்குப் பின் சேறு. சாதாரணக் கார் போகும், மெதுவாகப் போனால்.

இருபுறமும் தனியார் எஸ்டேட்டுகள்: சிலவற்றில் சண்டைக்காளை வளர்ப்பு, சிலவற்றில் மான் வேட்டை. வேலியைத் தாண்டுவது சட்டப்படியும் தவறு, காளைப்படியும் தவறு. பொதுப்பாதையை விட்டு இறங்க வேண்டிய அவசியமும் இல்லை, பார்க்க வேண்டியது எல்லாம் எதிர்ச் சரிவில்தான் இருக்கிறது.

இன்னொன்று, பலர் கணக்கில் எடுக்காதது. அக்டோபர் பாதியிலிருந்து பிப்ரவரி பாதிவரை 'மோன்தெரியா' என்னும் கூட்டு வேட்டைக்காலம். நாய்க்கூட்டங்களை விட்டு மானையும் காட்டுப்பன்றியையும் கிளப்பி, வரிசையாக நிற்கும் வேட்டைக்காரர்கள் சுடுவார்கள். பெரும்பாலும் சனி, ஞாயிறு. அன்று அந்தப் பள்ளத்தாக்கில் எதையும் பார்க்க முடியாது. பாதையையே மூடி அறிவிப்புப் பலகை வைத்திருப்பார்கள். திங்கள் முதல் வெள்ளிவரை நாட்களை வைத்துக்கொள்வது நல்லது. ஜூன் 1 முதல் அக்டோபர் 15 வரை, ஹயேன் அடங்கிய ஆண்டலூசியா மாநிலத்தில் தீ அபாயக் காலம். அப்போது காட்டுப் பாதைகளில் வாகனக் கட்டுப்பாடு உண்டு, நெருப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை.

இலையுதிர்காலம்: மான் முழக்கம், வந்திறங்கும் பறவைகள்

செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் தொடக்கம்வரை செம்மான்களின் இணைசேரும் காலம். 'பெர்ரேயா' என்று இங்குள்ளவர்கள் சொல்லும் அந்த முழக்கம் இரவு முழுக்கக் கேட்கும். மழை தள்ளிப்போனால் முழக்கமும் தள்ளிப்போகும். அந்தி சாய்வதற்கு ஒரு மணி நேரம் முன்பு மேட்டில் போய் நின்று, முதலில் காதால் திசையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஸ்கோப். கிடா ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வரும் என்பதால், ஒருமுறை குரலைப் பிடித்துவிட்டால் விலங்கைப் பிடிப்பது எளிது. செம்மான் ஓயும்போது ஃபேலோ மானின் முறை, அக்டோபரில். அதன் குரலில் முழக்கம் இல்லை, அடித்தொண்டையில் குறட்டைபோல ஒரு கரகரப்பு. நவம்பர், டிசம்பரில் ஐபெக்ஸ் மலையாடுகள் கொம்போடு கொம்பு மோதும் சத்தம் பாறைகளில் எதிரொலிக்கும். ஆண்டின் இந்த மூன்று மாதங்களில் மலையில் அமைதி என்பதே கிடையாது.

பறவைகளில், வெளியேறுவோரும் வருவோரும் ஒரே சமயத்தில் கடப்பது அக்டோபரில். பஞ்சுருட்டான்களும் குட்டைவிரல் கழுகுகளும் செப்டம்பரிலேயே ஜிப்ரால்டர் நீரிணையைத் தாண்டியிருக்கும். அவை விட்ட இடத்தை வட ஐரோப்பாவிலிருந்து வரும் ராபின்கள், கருந்தலைக் கதிர்க்குருவிகள், பாடும் த்ரஷ்கள் பிடிக்கின்றன. பிரிட்டன்காரர்கள் தோட்டத்தில் தினம் பார்க்கும் ராபின் இங்கே வந்ததும் கூச்ச சுபாவியாகிப் புதருக்குள் ஒளிந்துகொள்ளும். இந்தப் பழம்தின்னிகள் எல்லாமே லெண்டிஸ்க் புதரின் கனியையும் காட்டு ஒலிவத்தையும் நம்பி வருகின்றன. எந்தச் சரிவில் கனி அதிகமோ அங்கே பறவை அதிகம். ஆண்டுக்கு ஆண்டு இது மாறும், போன ஆண்டு பார்த்த இடத்துக்கே கண்ணை மூடிக்கொண்டு போவதில் பயனில்லை.

ஓக் கொட்டை முதிரும் நவம்பரில் 'தெஹேசா' எனப்படும் மரங்கள் இடைவிட்டு நிற்கும் மேய்ச்சல் காட்டில் பெருங்கொக்குகள் இறங்கும். கொட்டையைப் பன்றியும் தின்னும், மானும் தின்னும், காட்டுப்புறாவும் தின்னும். கொக்குகளை இரை மேயும்போது தேடுவதைவிட, அந்தியில் தங்குமிடத்துக்கு வரிசையாகப் பறக்கும்போது குரலைக் கேட்டு நிமிர்ந்து பார்ப்பது சுலபம்.

ஜனவரி: லின்க்ஸ்

2002-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் உலகத்திலேயே 94 ஐபீரிய லின்க்ஸ்கள்தான் மிஞ்சியிருந்தன, எல்லாம் இரண்டு இடங்களில்: இந்த மலையும், தெற்கே கடலோரத் தோன்யானாவும். பூனை இனங்களில் உலகிலேயே மிக ஆபத்தான நிலையில் இருந்தது இதுதான். 2005-இல் தோன்யானாவின் காப்பகத்தில் முதல்முறையாகக் கூண்டில் குட்டிகள் பிறந்தன. பிறகு வளர்த்த விலங்குகளைப் புதிய பள்ளத்தாக்குகளில் விட்டார்கள், 2014-இலிருந்து எக்ஸ்த்ரமதூரா, தொலேதோ, போர்ச்சுகல் வரை. 2024-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஸ்பெயின், போர்ச்சுகல் இரண்டிலும் சேர்த்து 2,401. அதே ஆண்டு ஜூனில், உயிரினங்களின் அழிவு அபாயத்தைக் குறிக்கும் சிவப்புப் பட்டியலில் 'அழியும் நிலை'யிலிருந்து 'பாதிப்புக்குள்ளாகும் நிலை'க்கு ஒரு படி இறக்கினார்கள். இன்று மனிதனால் லின்க்ஸ் சாவதற்கு முதல் காரணம் துப்பாக்கி அல்ல, கார்.

இவ்வளவு ஆன பிறகும் பார்ப்பது சுலபமாகிவிடவில்லை. இணைசேரும் காலம் டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரிவரை. அப்போது ஆண் விலங்குகள் பகலிலும் நடமாடும், எல்லையைச் சுற்றி வரும், அந்தியில் கத்தும். கம்மிய குரலில் தேய்ந்து தேய்ந்து வரும் தொடர் மியாவ். காற்றில்லாத மாலையில் அரைக் கிலோமீட்டருக்கும் கேட்கும். மார்ச், ஏப்ரலில் தாய் குட்டி ஈனும். அப்போது அவள் பாறை இடுக்கிலோ மரப்பொந்திலோ இருப்பாள், வெளியே காண்பது அரிது. அதனால்தான் ஜனவரி.

பலருக்குச் செய்யத் தோன்றுவது, காரில் ஏறி 15 கிலோமீட்டர் பாதையை மேலும் கீழும் ஓட்டிக்கொண்டே இருப்பது. இது கிட்டத்தட்ட பலனில்லாத வழி. ஓடும் காரிலிருந்து கிடைப்பது பாதையைக் கடக்கும் ஒரு நொடி மட்டுமே. நின்று பார்க்கும் இடத்தில் ஒரு சரிவு முழுதும் கையில் இருக்கும். காலை எட்டரை முதல் பதினொன்றுவரை ஓரிடம், மாலை நான்கிலிருந்து இருட்டும்வரை அதே இடம் அல்லது மற்றொன்று. காரிலிருந்து இறங்கும்போது கதவை அறையாமல் அழுத்தி மூடுங்கள். அந்தச் சத்தம் பள்ளத்தாக்கைக் கடந்து போகும்.

சரிவைப் படிக்கும் முறை இது. ஸ்கோப்பை 20 அல்லது 25 மடங்கில் வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் வேண்டாம். சரிவை மனதுக்குள் கிடைமட்டப் பட்டைகளாகப் பிரித்து, கீழ்ப் பட்டையில் இடமிருந்து வலம், அடுத்ததில் வலமிருந்து இடம் என்று மெல்ல நகர்த்துங்கள். ஒரு நடுத்தரச் சரிவுக்கு ஒரு சுற்று 15 நிமிடமாவது ஆக வேண்டும். மூன்று நிமிடத்தில் முடிந்தால் நீங்கள் பார்க்கவில்லை, துடைக்கிறீர்கள். ஒவ்வொரு சுற்றிலும் சில இடங்களில் நின்று பாருங்கள்: கிழக்கு நோக்கிய பாறைகளின் உச்சி (குளிர்ந்த இரவுக்குப் பின் அங்கேதான் வெயில் காய உட்காரும்), புதர்களின் அடி நிழல், எஸ்டேட் மண்பாதைகள், தீத்தடுப்புக் கோடுகள். எல்லாப் பூனைகளையும் போல லின்க்ஸுக்கும் முள்ளில் நடக்கப் பிடிக்காது, பாதை இருந்தால் பாதையில்தான் போகும்.

ஸ்கோப்புக்குள் அது முதலில் விலங்காகத் தெரியாது. மற்றப் பாறைகளைவிடச் சற்று வெதுவெதுப்பான நிறத்தில் ஒரு பாறை. பிறகு முகத்தின் இருபுறமும் தொங்கும் வெள்ளைத் தாடி. காதுக் குஞ்சம் எதிர்வெயிலில் மட்டும் துலங்கும். நடக்கத் தொடங்கினால் சந்தேகமே இல்லை: பின்னங்கால் நீளம், பின்புறம் தூக்கலாக இருக்கும், குட்டை வால் நுனி கறுப்பு. நரி அப்படி இல்லை. முதுகு மட்டமாக, நீள வாலைப் பின்னால் நீட்டிக்கொண்டு துருதுருவென்று ஓடும். ஆண் லின்க்ஸ் சராசரியாக 13 கிலோவுக்குள், பெண் 9, 10 கிலோ. வட ஐரோப்பிய லின்க்ஸில் பாதிதான். படங்களில் பார்த்துப் பெரிதாகக் கற்பனை செய்தவர்கள் அதைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டே தவறவிடுவார்கள்.

கண்ணைவிடக் காது முந்தும். இங்கே நீலச்சிறகு மேக்பைகள் கூட்டம் கூட்டமாகத் திரியும். இதன் உறவினம் சீனா, ஜப்பான் பக்கம் வாழ்வதால் போர்ச்சுகீசிய மாலுமிகள் கொண்டுவந்து விட்டது என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். ஜிப்ரால்டர் குகைகளில் பல்லாயிரம் ஆண்டு பழைய எலும்புகள் கிடைத்த பிறகு அந்தக் கதை ஓய்ந்தது. மேக்பைகள் ஒரே புதரைச் சுற்றி, கீழ்நோக்கிப் பார்த்து, விடாமல் கத்தினால் ஸ்கோப்பை உடனே அங்கே திருப்புங்கள். பாம்பாகவும் இருக்கலாம், நரியாகவும் இருக்கலாம். செங்கால் கவுதாரி ஒன்று பாறைமேல் ஏறி நின்று கத்துவதும், மான்கள் எல்லாம் மேய்ச்சலை நிறுத்தி ஒரே திசையில் பார்ப்பதும் அதே ரகம். இந்த மூன்றும் ஒரு சரிவில் சேர்ந்தால் அடுத்த அரை மணி நேரத்துக்குக் காப்பி ஊற்றாதீர்கள்.

விலங்கு கிடைக்காத நாளிலும் தடம் கிடைக்கும். மழைக்கு மறுநாள் பாதை ஓர ஈரமண்ணைப் பாருங்கள். வட்டமான தடம், அகலம் ஐந்தாறு செ.மீ., நகக்குறி இல்லை: லின்க்ஸ். நீள்வட்டம், முன்னால் நகக்குறி: நரி அல்லது நாய். மூன்று செ.மீ. தடம் வீட்டுப்பூனையோ காட்டுப்பூனையோ. பாதைகள் கூடும் முனைகளில் எச்சம் குவிந்து கிடந்தால் அது எல்லைக்குறி. கையால் தொட வேண்டாம்.

பதினொரு மணிக்குமேல் ஸ்கோப்பில் காட்சி நெளியத் தொடங்கும். லென்ஸ் பிழையல்ல. வெயிலில் சூடான தரைக்காற்று எழும்போது வெவ்வேறு வெப்பநிலையுள்ள காற்று அடுக்குகள் ஒளியை வெவ்வேறு அளவில் வளைக்கின்றன. மடங்கைக் கூட்டினால் நெளிவும் கூடும். அப்போது தரையை விட்டுவிட்டு வானத்துக்கு மாறுவதே புத்திசாலித்தனம், ஏனென்றால் அதே சூடான காற்றில்தான் பாறுகள் (பிணந்தின்னிக் கழுகுகள்) ஏறுகின்றன.

சில எஸ்டேட்டுகளில் கட்டணம் கட்டி ஒளிவிடத்தில் உட்கார்ந்து, பத்து மீட்டரில் லின்க்ஸைப் படமெடுக்க முடியும். படம் வேண்டுமென்றால் அதுவே வழி, நில உரிமையாளருக்கு லின்க்ஸால் வருமானம் என்பதும் நல்லதே. ஆனால் அங்கே கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. சரிவைப் படிக்கத் தெரிய வேண்டுமென்றால் சரிவில்தான் உட்கார வேண்டும்.

வானம்

குளிர்காலத்தில் பத்தரை மணிவாக்கில் முதல் பாறுகள் கிளம்பும். இரண்டு இனம். கிரிஃபன் பாறு பாறை முகட்டில் கூட்டமாகக் கூடு கட்டும், கரும்பாறு ஓக், பைன் மர உச்சியில் தனியாகக் கட்டும். பறக்கும்போது நிறத்தை நம்பாதீர்கள், எதிர்வெயிலில் எல்லாமே கறுப்பு. இறக்கையைப் பாருங்கள். கிரிஃபன் வட்டமிடும்போது இறக்கையை மேல்நோக்கி ஆழமற்ற 'வி' வடிவில் பிடிக்கும். கரும்பாறின் இறக்கை பலகைபோல் மட்டம், நுனி சற்றே கீழே தொங்கும். கிரிஃபன் இறக்கையின் பின்விளிம்பு வளைந்து புடைத்திருக்கும், கரும்பாறில் அது கிட்டத்தட்ட நேர்கோடு.

கழுகில் குழப்பம் இம்பீரியலுக்கும் பொன்னாங்கழுகுக்கும். வளர்ந்த இம்பீரியலுக்குத் தோளிலிருந்து இறக்கை முன்விளிம்பு நெடுக வெள்ளைக்கோடு, உச்சந்தலை வெளிறியது, வட்டமிடும்போது இறக்கை மட்டம். பொன்னாங்கழுகு இறக்கையை மேலே தூக்கிப் பிடிக்கும், வால் நீளம். இளம் பறவைகளில் பொன்னாங்கழுகுக்கு இறக்கையிலும் வாலிலும் வெள்ளைத் திட்டு, இளம் இம்பீரியல் வைக்கோல் நிறம். 1960-களில் இம்பீரியல் கழுகு உலகில் முப்பது சொச்சம் ஜோடிக்கு வந்துவிட்டது. இப்போது 800-ஐத் தாண்டிவிட்டது. முக்கியக் காரணங்களில் ஒன்று கவிதை எதுவும் இல்லாதது: மின்கம்பங்களின் குறுக்குத்தண்டுகளை மாற்றியமைத்து, கம்பிகளுக்கு உறை போட்டது. பிப்ரவரி வெயில்நாட்களில் ஜோடி உயரத்தில் கத்திக்கொண்டே வட்டமிடுவதைப் பார்க்கலாம், குரல் நாய் குரைப்பைப் போலிருக்கும். கூட்டை நெருங்க வேண்டாம். முட்டைக்காலத்தில் தாய் ஒருமுறை எழுந்துபோனாலே முட்டை குளிர்ந்துவிடும்.

பாறுகளுக்குத் தமிழ் வாசகருக்கு நன்கு தெரிந்த ஒரு ஆபத்து இங்கேயும் உண்டு. மாயாற்றுப் பள்ளத்தாக்கில் எஞ்சியுள்ள பாறுகளைப் பற்றிப் படித்தவர்களுக்கு டைக்லோஃபெனாக் புதிய பெயரல்ல. மாட்டுக்குப் போட்ட வலிமருந்து, செத்த மாட்டைத் தின்ற பாறின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்து, இந்தியாவின் பாறுகளில் பெரும்பகுதியை அழித்தது. 2006-இல் இந்தியா கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தது. அது தெரிந்திருந்தும், ஐரோப்பாவின் பாறுகளில் மிகப் பெரும்பாலானவை வாழும் ஸ்பெயின் 2013-இல் அதே மருந்தைக் கால்நடைக்கு அனுமதித்தது. 2020-இல் வடகிழக்கே கத்தலோனியாவில் ஒரு கரும்பாறுக் குஞ்சு அதனால் செத்ததை ஆய்வகம் உறுதிசெய்தது. பட்ட அடியைப் பார்த்தும் திருந்தாத கதைக்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டியதில்லை.

வசந்தம்

எல்லோரும் புகழ்வதால் சுருக்கமாகவே சொல்கிறேன். ஜனவரி கடைசியிலேயே பெரும்புள்ளிக் குயில் ஆப்பிரிக்காவிலிருந்து வந்துவிடும், சாதாரண மேக்பையின் கூட்டில் முட்டையிட. மார்ச் தொடக்கத்தில் குட்டைவிரல் கழுகு, பாம்பைத் தேடி ஓரிடத்தில் காற்றில் நின்றபடி இறக்கையடிக்கும். மார்ச் கடைசி, ஏப்ரல் முதல் வாரம் பஞ்சுருட்டான், ஏப்ரல் பாதியில் மாங்குயில். கருநாரை, ஹாந்துலாவின் இன்னொரு அணையான என்சினரேஹோவுக்குக் கீழே ஆற்றோரத்தில் இரை தேடும், அதிகாலையில் அதே இடத்தில் நீர்நாயும் மீன்கொத்தியும். பாறைகளில் நீலப் பூங்குருவி. குளிர்காலத்தில் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு வரும் அதே இனம், இங்கே ஆண்டு முழுக்கக் குடியிருப்பு. ஆண் பறவையின் நீலம் நிழலில் கறுப்பாகத் தெரியும் என்பதால் வெயில் பக்கம் நின்று பாருங்கள்.

ஏப்ரலில் சிஸ்டஸ் பூத்துச் சரிவெல்லாம் வெள்ளை. இலையில் பிசின் வழியும், கையில் ஒட்டினால் சுலபத்தில் போகாது. புதருக்குள் நடந்தால் உண்ணி கட்டாயம். பேன்ட் காலைக் காலுறைக்குள் விடுங்கள், மாலையில் முழங்கால் மடிப்பைப் பாருங்கள். பிப்ரவரி, மார்ச்சில் பைன் மரங்களிலிருந்து வரிசையாக இறங்கும் கம்பளிப்பூச்சி ஊர்வலத்தைத் தொடாதீர்கள். அதன் மயிர் காற்றில் வந்து பட்டாலே தோலும் கண்ணும் எரியும், முகர்ந்து பார்க்கும் நாய்களுக்கு நாக்கே அழுகிப்போகும்.

நாட்காட்டியில் சிவப்பு மையால் குறிக்க வேண்டிய ஒன்று: ஏப்ரல் கடைசி ஞாயிறு. விர்ஹென் தே லா கபேசா ஆலயத்தின் யாத்திரை. லட்சக்கணக்கானோர் குதிரையிலும் வண்டியிலும் நடந்தும் மலையேறுவார்கள். பார்க்க வேண்டிய திருவிழாதான், ஆனால் அந்த வாரம் அறை கிடைக்காது, லின்க்ஸ் அந்தப் பக்கம் தலைகாட்டாது.

கோடை வந்தால்

வந்தே தீர வேண்டியிருந்தால் நாளை இரண்டாக வெட்டுங்கள். ஜூலையில் சூரியன் ஏழு மணிக்கு உதிக்கும், பத்துக்கெல்லாம் வேலை முடிந்துவிட வேண்டும். ஓடைகள் வற்றி ஆங்காங்கே குட்டையாக நிற்கும். அவற்றில் ஒன்றைத் தேர்ந்து, வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்குமாறு இருபது மீட்டர் தள்ளி உட்காருங்கள். ஒரு காலையில் மலையில் உள்ள பாதிச் சிறுபறவைகள் தண்ணீருக்கு வந்துபோகும்: தடித்த அலகுள்ள ஹாஃபிஞ்ச், கொண்டலாத்தி, குஞ்சுகளோடு கவுதாரி. அருகில் போகாதீர்கள், நீங்கள் தண்ணீருக்கும் அவற்றுக்கும் குறுக்கே உட்கார்ந்தால் அந்த வெயிலில் அவை குடிக்காமலே திரும்பும்.

பகல் முழுக்கத் தூங்கிவிட்டு இரவு ஒன்பதரைக்குமேல் மீண்டும் கிளம்புங்கள். ஹாந்துலா அணைச் சுரங்கத்திலிருந்து வௌவால்கள் புறப்படும். சுரங்கத்துக்குள் விளக்கடித்துப் பார்ப்பது வேண்டாம், குட்டி வைத்திருக்கும் காலம். செங்கழுத்துப் பக்கி இருட்டியதும் கட்டையைத் தட்டுவதுபோல் இரட்டைத் தட்டாகக் கத்தும், பிறகு பகல் சூடு இன்னும் மிஞ்சியிருக்கும் தார்ச்சாலையில் வந்து உட்காரும். ஹெட்லைட்டில் இரண்டு சிவப்புக் கங்குகள் தெரிந்தால் அதன் கண்தான். உயர்ஒளியைத் தாழ்த்தி, காரை நிறுத்தி, ஜன்னல் வழியாகவே பாருங்கள். கூச்சமில்லாமல் நிமிடக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். கண் கூசிப் பறக்காமல் உட்கார்ந்துவிடுவதே அதன் வினை, காலையில் அதே சாலையில் நசுங்கிக் கிடப்பவற்றை எண்ணலாம். இரவில் இந்தச் சாலையில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்துக்குமேல் ஓட்ட வேண்டாம். பக்கிக்கு மட்டுமல்ல, ஜூலையில் தாயின் பின்னால் நடக்கத் தொடங்கும் லின்க்ஸ் குட்டிகளும் இதே சாலையைத்தான் கடக்கின்றன. தாய் கடந்துவிட்டால் உடனே முடுக்காதீர்கள், பின்னால் இன்னும் இரண்டு மூன்று வரும்.